கட்டடக் கலை படிக்கக் கோலாலம்பூரா, பினாங்கா?

கேள்வி: மகள் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே ஆர்கிடெக்ட் ஆக வேண்டும் என்கிறாள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் பினாங்கு யூ.எஸ்.எம்.மை (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) முதலில் போடுவதா, மலாயாப் பல்கலைக்கழகத்தைப் போடுவதா என்று குழப்பம். இதற்கிடையில் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி, இந்த வாரமே பதிந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு, முழு அங்கீகாரம் பெற்ற படிப்பு என்று தினமும் போன் செய்கிறது. என் தங்கை பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பதால் கோலாலம்பூர்தான் பாதுகாப்பு என்கிறார் கணவர். எதை வைத்து முடிவு செய்வது?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதல் வேலையாக, அந்தக் கல்லூரிக்கு இந்த வாரம் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். கழிவு போனால் போகட்டும். அங்கீகாரம் என்கிறார்களே, யார் கொடுத்தது என்று கேளுங்கள். படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருந்தால் அது முறையான பட்டம், சரி. ஆனால் மகள் ஆர்கிடெக்ட்டாகப் பதிவு பெற அது மட்டும் போதாது. 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவைத் தருவது லெம்பாகா ஆர்கிடெக் மலேசியா, சுருக்கமாக லாம். அவர்கள் ஏற்றுக்கொண்ட படிப்புகளின் பட்டியல் தனியாக இருக்கிறது. கல்லூரியின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது, மகள் சேரப்போகும் அதே படிப்பு இருக்க வேண்டும், எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதில் பார்ட் 1, பார்ட் 2, பார்ட் 3 என்று மூன்று படி உண்டு. இளங்கலைப் பட்டம் பார்ட் 1, மூன்று நான்கு வருடம். அதற்கு மேல் முதுகலை, அது பார்ட் 2, ஏறக்குறைய இரண்டு வருடம். பிறகு பதிவு பெற்ற ஆர்கிடெக்ட் ஒருவரின் கீழ் குறைந்தது இரண்டு வருட அனுபவம், அதன்பின் பார்ட் 3 தேர்வு. சில இடங்களில் பார்ட் 1 மட்டும்தான் இருக்கும், அப்புறம் முதுகலைக்கு வேறு இடம் தேட வேண்டும். அது தப்பில்லை, ஆனால் சேரும்போதே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இது மொத்தம் ஏழு வருடத்துக்குக் குறையாத பயணம், நீங்கள் முதல் மூன்று வருடத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் நடுவில் பணத்துக்குத் தட்டுப்பாடு வரும். பட்டியலில் இல்லாத படிப்பை முடித்தவர்கள் லாம் நடத்தும் தேர்வுகளை எழுதித்தான் மேலே வர வேண்டும். தோட்டத்து வீட்டை அடகு வைத்துப் படிக்க வைத்த பெற்றோர், பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு இதைக் கேள்விப்படுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி யூ.எஸ்.எம்.மா, மலாயாவா? இரண்டிலுமே பார்ட் 1, பார்ட் 2 படிக்கலாம், இரண்டும் நல்ல இடங்கள். எதை முதலில் போடுவது என்பதை, மாணவர்கள் உட்கார்ந்து வரைந்து மாடல் செய்யும் ஸ்டூடியோவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கட்டடக் கலைப் படிப்பின் உயிர் ஸ்டூடியோவில்தான் இருக்கிறது, விரிவுரை மண்டபத்தில் இல்லை. ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயில் இரண்டு பக்கமும் போகிறது, மகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள், முன்கூட்டியே அனுமதி கேட்டு, முடிந்தால் மாலை நேரத்தில். வரவேற்பு மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாடலைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே மாணவர்களின் மேசைக்குப் போய்ப் பாருங்கள். பென்கத்தியால் அறுத்து அறுத்துத் தழும்பேறிய கட்டிங் மேட், பசை காய்ந்த அட்டைத் துண்டுகள், ஒரே வீட்டை நாலைந்து விதமாகச் செய்து பார்த்துக் கூரையைப் பிய்த்து மறுபடி ஒட்டிய கரடுமுரடான மாடல்கள், இவையெல்லாம் கிடந்தால் அங்கே உண்மையாகவே வேலை நடக்கிறது. எல்லா மேசையிலும் ஒரே மாதிரி வழவழப்பான மாடல் மட்டும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இரண்டாம் வருட மாணவர் யாரையாவது பிடித்து, விரிவுரையாளர் வாரத்தில் எத்தனை முறை உங்கள் மேசைக்கு வந்து உட்காருகிறார், அவருக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்கச் சொல்லுங்கள். கிரிட் என்கிற விமர்சன அமர்வு நடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வரைபடங்களைச் சுவரில் குத்திவைத்துவிட்டு மாணவர் பேசுவார், விரிவுரையாளர்கள் குறை சொல்வார்கள். குறை சொன்னதோடு நிற்காமல் வழியும் காட்டுகிறார்களா என்று மகளே கவனிக்கட்டும்.

ஊரும் பாடம் சொல்லித் தரும். யூ.எஸ்.எம். இருக்கும் குளுகோரிலிருந்து பஸ் ஏறினால் ஜார்ஜ்டவுன். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் பழைய நகரத்தின் கடைவீடுகளில், வாசலில் வெயில் படாமல் நடக்க ஐந்தடி நடைபாதை, உள்ளே நீளமாகப் போகும் இருட்டு வீட்டின் நடுவில் திடீரென்று வானம் தெரியும் முற்றம், அதன் வழியாகச் சூடு மேலேறிப் போவது என்று, நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி வீடு கட்டிய அறிவு கண்ணெதிரே நிற்கிறது. கோலாலம்பூர் வேறு மாதிரி. மஸ்ஜிட் ஜாமெக் ஸ்டேஷனில் இறங்கினால் 1909-இல் திறந்த பள்ளிவாசல், நடக்கிற தூரத்தில் 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், நிமிர்ந்து பார்த்தால் மெர்டேக்கா 118. உயர்ந்த கட்டடத்தை நம் தட்பவெப்பத்துக்கு எப்படிப் பொருத்துவது என்று யோசித்தவர் பினாங்கில் பிறந்த ஆர்கிடெக்ட் கென் யாங். அவருடைய மெனாரா மெசினியாகா கட்டடம் 1992-இல் சுபாங் ஜெயாவில் எழுந்தது, வெளிப்புறத்தில் சுற்றிச் சுற்றி மேலேறும் தோட்டங்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மகளுக்கு எது இழுக்கிறது என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், முதல் மூன்று வருடம் பினாங்கு, முதுகலைக்குக் கோலாலம்பூர் என்பேன். சின்ன அளவில், கையால் தொட்டு அளக்கக்கூடிய கட்டடங்களோடு தொடங்குவது கற்பவருக்கு நல்லது.

தங்கை வீடு பற்றி: மலாயாப் பல்கலைக்கழகம் என்றால் கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி.யில் நாலாவது ஸ்டேஷன், பக்கம்தான். இருந்தாலும் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஸ்டூடியோ நள்ளிரவையும் தாண்டும், அந்த நேரத்தில் ரயில் இருக்காது. முதல் வருடம் விடுதியில் இருக்கட்டும், வாரக் கடைசியில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரட்டும். கணவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஓவியம் சுமாராகத்தான் வரும். நேர்முகத் தேர்வில் கழித்துவிடுவார்களா?
- மாணவர், காப்பார்

பதில்: தம்பி, அழகாக வரைகிறீர்களா என்பதைவிட உற்றுப் பார்க்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு அளவு நாடா எடுத்து உங்கள் வீட்டுச் சமையலறையை அளந்து வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அம்மா அடுப்புக்கும் சிங்க்குக்கும் இடையே எத்தனை எட்டு நடக்கிறார், மதியம் வெயில் எங்கே விழுகிறது, இதையெல்லாம் அதிலேயே குறியுங்கள். அப்படி ஏழெட்டு இடங்கள் செய்து கோப்பில் வையுங்கள். நடிகர் முகத்தைப் பார்த்து வரைந்த பென்சில் படங்களைவிட இவை பேசும். தினமும் வரையுங்கள், கை தானாகப் பழகும்.

கேள்வி: சேரும் முன்பே விலை உயர்ந்த மடிக்கணினி வாங்கச் சொல்கிறான் மகன். அவசியமா?
- ஒரு தந்தை, நிபோங் திபால்

பதில்: இப்போது வேண்டாம். முதல் வருடத்தில் பெரும்பாலும் கையால் வரைவதும் அட்டையில் மாடல் செய்வதும்தான். என்ன மென்பொருள் பயன்படுத்துகிறார்கள் என்று மூத்த மாணவர்களிடம் கேட்டு அதற்கேற்ற கணினியைப் பிறகு வாங்கலாம். ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அட்டை, பசை, பெரிய தாளில் பிரிண்ட் என்று ஒவ்வொரு செமஸ்டரும் செலவு வந்துகொண்டே இருக்கும், பல குடும்பங்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால், அந்தப் படிப்புக்குக் கிடைக்குமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.