மெஷின் சொல்லும் புரதக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாட்டுத்தீவனத்தைச் சோதிக்கக் கொடுத்தேன். ஆசிட் இல்லை, கொதிக்க வைக்கவில்லை, அரைத்த தூளை ஒரு மெஷினில் வைத்தார்கள், ஒரு நிமிஷத்தில் புரதம், நார்ச்சத்து எல்லாம் வந்துவிட்டது. இதை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். அந்த மெஷின் புரதத்தை அளக்கவே இல்லை, ஊகிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அப்பால், சுமார் 780 முதல் 2500 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தூள் மேல் அடிக்கிறார்கள். கொஞ்சம் உறிஞ்சப்படும், மிச்சம் திரும்பி வரும். புரதம் ஒரு மாதிரி உறிஞ்சும், நாரும் மாவுச்சத்தும் வேறு மாதிரி, தண்ணீர் இன்னொரு மாதிரி. பிரச்சினை என்னவென்றால் இவை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும், வரைபடத்தில் ‘இந்த மேடுதான் புரதம்’ என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதனால் நிறைய சாம்பிள்களை முதலில் பழைய முறையில், ஆசிட் வைத்தே, சோதித்துவிட்டு, அதே சாம்பிள்களின் ஒளிப்பதிவையும் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்ற பதிவு) எடுத்து, இரண்டையும் புள்ளியியலால் கோத்து ஒரு சமன்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தூளின் ஒளிப்பதிவை அந்தச் சமன்பாட்டில் போட்டால் எண் வருகிறது, அவ்வளவுதான். அமெரிக்க வேளாண்துறையில் இருந்த கார்ல் நோரிஸ் முதலில் தானிய ஈரப்பதத்துக்காக ஆரம்பித்த வேலை இது. 1976-இல் அவரும் சகாக்களும் தீவனத்துக்கும் இது சரிப்பட்டு வரும் என்று காட்டினார்கள்.

ஆக, பழைய லேப் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் மெஷினும் அதே தப்பைத்தான் செய்யும், என்ன, கொஞ்சம் வேகமாகச் செய்யும்.

கேள்வி: ஒரே லோடு காய்ந்த புல்லில் இரண்டு சாம்பிள் கொடுத்தேன், புரதம் இரண்டிலும் வேறு வேறாக வந்தது. எந்த ரிப்போர்ட் பொய்?

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கட்டிலிருந்து கையால் ஒரு பிடி உருவினீர்களா? உருவும்போது இலை உதிர்ந்துவிடும், தண்டு மட்டும் கையில் வரும். புரதம் இலையில்தான் அதிகம். உள்ளே துளைத்து எடுக்கும் குழாய்க் கருவியால் 20 கட்டுகளிலாவது எடுத்து, கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை அனுப்புங்கள். மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள், என் அனுபவத்தில் பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அப்புறம், லேபில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் சமன்பாட்டில் எங்கள் பயிர் இருக்கிறதா?’ குதிரைமசாலை மட்டும் பார்த்துப் பழகிய சமன்பாட்டிடம் சோளத்தட்டையைக் காட்டினாலும் அது ஏதோ ஓர் எண்ணைச் சொல்லத்தான் செய்யும், தெரியாது என்று தானாகச் சொல்லாது. இதைப் பிடிக்க நல்ல லேப்கள் மஹலனோபிஸ் தூரம் பார்ப்பார்கள், அதாவது இந்தச் சாம்பிள் தனக்குப் பழக்கமான கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்ற கணக்கு. ரொம்ப விலகியிருந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டுப் பழைய முறையில் சோதிக்கச் சொல்லுங்கள். யூரியா கலந்த வைக்கோலிலும் இதே வம்புதான், யூரியாவைப் பார்த்திராத சமன்பாடு அங்கே தடுமாறும்.

கேள்வி: கால்சியம், பூஞ்சை நஞ்சு எல்லாமும் இதிலேயே தெரியுமா?

பதில்: தாது உப்புக்கு வேண்டாம். அவை இந்த ஒளியை நேரடியாக உறிஞ்சுவதில்லை, மெஷின் சுற்றி வளைத்துத்தான் ஊகிக்கும். பூஞ்சை நஞ்சோ நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே ஆபத்து, அவ்வளவு சின்ன அளவெல்லாம் இதற்கு எட்டாது. தனிச் சோதனைதான் வழி.

கேள்வி: கையடக்கக் கருவி வாங்கி சைலேஜை (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) குழியிலேயே பார்க்கலாமா?

பதில்: எதற்கு என்று பார்த்து வாங்குங்கள். ஈரத் தீவனத்தில் தண்ணீரின் உறிஞ்சல் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும், அதனால்தான் லேபில் காயவைத்து 1 மில்லிமீட்டர் சல்லடை அளவுக்கு அரைக்கிறார்கள். ஆனால் அதே காரணத்தால் ஈரப்பதத்தை மட்டும் கருவி நன்றாகவே சொல்லும், அதுவும் சின்ன விஷயம் இல்லை. உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, 35 சதவீதமாக இருந்த சைலேஜ் மழை இறங்கி 30 ஆனால், 20 கிலோ போடும் இடத்தில் மாட்டுக்கு 7 கிலோவுக்குப் பதில் 6 கிலோ உலர்பொருள்தான் போகும். ஏன் பால் குறைந்தது என்று நீங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

கேள்வி: மேய்ச்சலுக்குப் போகும் மாடு என்ன தின்றது என்றே தெரியாதே, அதை எப்படிச் சோதிப்பது?

பதில்: சாணத்தை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். காயவைத்து அரைத்த சாணத்தின் மேல் இதே ஒளியை அடித்து, தின்றதில் புரதம் எவ்வளவு, எவ்வளவு செரித்தது என்று கணக்கிடுகிறார்கள்.