மல்லாந்து படுத்திருப்பவருக்குக் கணுக்காலில் புண் வருமா?

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. சர்க்கரை நோய் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. படுக்கைப் புண் வரக் கூடாது என்று ஏர் பெட் வாங்கிப் போட்டோம். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வலது கணுக்காலின் வெளிப்பக்கம் ஐம்பது பைசா அளவுக்குப் புண் வந்திருக்கிறது. பெரும்பாலும் மல்லாந்துதான் படுத்திருக்கிறார். மஞ்சள் பொடி போட்டும் ஆறவில்லை. இது எதனால்? - ஒரு வாசகி, கரூர்.

பதில்: ஒரு காரியம் செய்யுங்கள். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது கால்மாட்டில் நின்று இரண்டு பாதங்களையும் பாருங்கள். இடது பாதத்தின் விரல்கள் கூரையைப் பார்க்கும். வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பக்கவாதத்தில் தொடைத் தசைகள் பிடிப்பை இழப்பதால் முழுக் காலும் இடுப்பிலிருந்தே வெளியே உருண்டுவிடுகிறது. அப்போது பாதத்தின் எடை வெளிக் கணுக்கால் எலும்பின் மேல் இறங்குகிறது. அந்த எலும்புக்கு மேலே சதை கிடையாது, தோல் மட்டும்தான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, புண்ணாகிறது. மரத்துப்போன கால் என்பதால் அவருக்கு வலித்திருக்காது.

அதனால் புண்ணின் மேல் எதைப் போடுவது என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். அழுத்தத்தை எடுக்காமல் எந்த மருந்தைப் போட்டாலும் பயனில்லை.

ஒரு பெரிய துண்டையோ போர்வையையோ இறுக்கமாகச் சுருட்டி, வலது இடுப்பிலிருந்து தொடையின் பாதிவரை வெளிப்பக்கமாக அணை கொடுங்கள். கால் நேராக நிற்கும். முழங்காலின் வெளிப்பக்கத்தில் மட்டும் எதுவும் அழுந்தக் கூடாது. அங்கே தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. கெண்டைக்கால் முழுவதும் படும்படி ஒரு தலையணை வைத்தால் குதிகாலும் கணுக்காலும் அந்தரத்தில் நிற்கும். முழங்கால் சற்றே மடங்கியிருக்கட்டும். ஒருக்களிக்க வைக்கும்போது முழுவதுமாகத் திருப்பாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழுப் பக்கவாட்டில் படுத்தால் கணுக்கால், இடுப்பு இரண்டிலும் எலும்பு அழுந்தும். ஏர் பெட் இருந்தாலும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றத்தான் வேண்டும்.

நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை, தண்ணீர் நிரப்பிய கையுறை இரண்டும் வேண்டாம். வளையம் சுற்றியுள்ள தோலை அழுத்தி, நடுப்பகுதிக்கு ரத்தம் வராமல் செய்துவிடும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் அப்படித்தான். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல்.

இனி புண்ணுக்கு வருவோம். மஞ்சள் பொடியை நிறுத்திவிடுங்கள். அது புண்ணில் கட்டியாக ஒட்டிக்கொண்டு அடியில் இருப்பதை மறைத்துவிடும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை புதிதாக வளரும் சதையையும் அழித்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் நீரால் கழுவி, ஈரப்பதம் காக்கும் கட்டைத் தளர்வாகப் போடுங்கள். காய்ந்தால்தான் ஆறும் என்ற நம்பிக்கை நம் ஊரில் அசைக்க முடியாதது. ஆனால் சுத்தமான புண் மிதமான ஈரத்தில்தான் சீக்கிரம் மூடும். கறுத்துக் காய்ந்த பொருக்கு இருந்தால் விதிவிலக்கு. அதை நீங்களாக நனைக்கவோ பிய்க்கவோ கூடாது.

சர்க்கரை நோயாளி என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலின் ரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தால், அழுத்தத்தை எடுத்தும் புண் ஆறாது. பாதத்தில் நாடி கிடைக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். தேவையானால், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனை செய்வார். அதற்கு முன் இறுக்கமான காலுறையோ கிரேப் பேண்டேஜோ சுற்றாதீர்கள். உட்பக்கக் கணுக்காலில் வரும் சிரை (அசுத்த ரத்தக் குழாய்) புண்ணுக்கு இறுக்கிக் கட்டுவதைப் பார்த்துவிட்டு இதற்கும் அதையே செய்பவர்கள் உண்டு.

சாப்பாட்டில் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் போதாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்றால் கணக்கு புரியும். பருப்பு, தயிர், மீன், சுண்டல் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது சேருங்கள்.

மற்ற கணுக்காலையும் இரண்டு குதிகால்களையும் தினமும் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தாலும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலும் அதுவே தொடக்கம்.

இரண்டு வாரத்தில் புண் சுருங்கத் தொடங்காவிட்டால் மறுபடியும் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல், சுற்றிலும் பரவும் வீக்கம், அடியில் எலும்பு தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கணுக்காலில் கிருமி எலும்பைத் தொட அதிக தூரமில்லை. அவரை அசைத்துக் கூட்டிப்போவது சிரமம் என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வரும்போது அந்தத் துண்டுச் சுருட்டலைச் சரியாக வைத்திருக்கிறீர்களா என்றும் காட்டிவிடுங்கள்.