"மேம், இதுக்கு ஆன்சர் என்ன?"

கல்லூரி ஆங்கில வகுப்பில் கவிதை படும் பாடு பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. பகுதி 2 ஆங்கிலத்தில் ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' இருக்கிறது. அதிகம் பேர் போகாத பாதையில் துணிந்து போனால் ஜெயிக்கலாம் என்பதுதான் கருத்து என்று மேம் சொன்னார்கள், கைடிலும் அதேதான். எனக்கு என்னவோ அந்த ஆள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. சொன்னேன். "இப்படி எழுதினா மார்க் வராது" என்று உட்காரவைத்துவிட்டார்கள். கவிதைக்கு அவரவருக்குத் தோன்றுவதுதான் அர்த்தம் என்றால் நான் சொன்னது மட்டும் எப்படித் தப்பாகும்?
– பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: நீங்கள் சொன்னது சரி. அதற்கு நீங்கள் காட்டும் காரணம்தான் சரியில்லை. எனக்குத் தோன்றியது, அதனால் சரி என்று ஆரம்பித்தால் மேமுக்குத் தோன்றியதும் சரிதானே, அப்புறம் வகுப்பு எதற்கு, கேன்டீனுக்கே போய்விடலாம்.

வரிக்கு வாருங்கள். காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். அதில் நடமாட்டம் குறைவு என்று முதலில் சொல்கிறான். அடுத்த மூச்சிலேயே, உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேய்ந்திருந்தன என்கிறான். அன்று காலை இரண்டு பாதையிலும் மிதிபடாத இலைகள் ஒன்றுபோலக் கிடந்தன என்று மறுபடியும் சொல்கிறான். அப்படியிருக்க கடைசியில் மட்டும் ஆள் குறைந்த பாதையில் போனேன், அதனால்தான் எல்லாம் மாறியது என்று எங்கிருந்து வருகிறது? அதை அவன் இப்போது சொல்லவில்லை. எத்தனையோ காலம் கழித்து, ஒரு பெருமூச்சோடு, இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறான். வயதான பிறகு சொல்லப்போகும் கதையை இன்றைக்கே தயார் செய்து வைக்கிறான். தலைப்பும் போகாத பாதையின் பேரில்தான் இருக்கிறது. உங்கள் வாசிப்புக்கு இவ்வளவு ஆதாரம் கவிதைக்குள்ளேயே கிடக்க, தோன்றியது என்ற ஒற்றைச் சொல்லை நம்பி எழுந்து நின்றிருக்கிறீர்கள்.

வெளியிலும் ஆதாரம் உண்டு. 1914-இல் ஃப்ராஸ்ட் இங்கிலாந்தில் இருந்தபோது எட்வர்ட் தாமஸ் என்ற நண்பரோடு நடக்கப் போவார். எந்த வழியில் போனாலும் மற்ற வழியில் போயிருக்கலாமே என்று வருந்துகிற சுபாவம் தாமஸுக்கு. அவரைக் கிண்டல் செய்யத்தான் எழுதினேன் என்று ஃப்ராஸ்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கவிதை 1915-இல் அச்சில் வந்தது. அதே ஆண்டு தாமஸ் ராணுவத்தில் சேர்ந்தார், 1917 ஏப்ரலில் பிரான்சில் அராஸ் போர்முனையில் இறந்துபோனார். கிண்டலாக ஆரம்பித்த கவிதையை இதைத் தெரிந்துகொண்டபின் யாரும் சிரித்துக்கொண்டே படிக்க முடியாது. ஆனால் கவிஞர் நினைத்ததுதான் கடைசித் தீர்ப்பு என்று இதை மேமிடம் நீட்டாதீர்கள். அது செல்லாது என்று விம்ஸாட், பியர்ட்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1946-இலேயே எழுதிவிட்டார்கள், மேம் எம்.ஏ.வில் கண்டிப்பாகப் படித்திருப்பார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். இந்த வித்தை உங்களுக்குப் பகுதி 1 தமிழிலேயே வந்துவிட்டது. குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. திருமணம் செய்துகொள்வதாகச் சொல்லிக் கூடியவன் இன்னும் வரவில்லை. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், அப்போது அங்கே யாருமே இல்லை, அவனைத் தவிர. ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் மாதிரிக் கால்களோடு ஒரு குருகு, கொக்கு மாதிரி ஒரு நீர்ப்பறவை, மட்டும் நின்றது என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அந்தக் குருகு எதற்கு? வாய் பேசாத சாட்சி என்று ஒருவர் சொல்லலாம். அதன் கண்ணெல்லாம் மீன் மேல், இவர்களை அது பார்க்கவே இல்லை, ஆக அந்தச் சாட்சியும் இல்லை என்று இன்னொருவர் சொல்லலாம். காரியத்திலேயே கண்ணாக நின்றவன் அவனும்தானே, அவளுக்கு அது இப்போதுதான் உறைக்கிறது என்று மூன்றாவது ஆள் சொன்னால் வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். மூன்றுக்கும் பாட்டில் வரி இருக்கிறது. குருகு சுற்றுச்சூழலின் குறியீடு என்று ஒருவர் ஆரம்பித்தால், எந்த வரி தம்பி என்று கேட்டு உட்காரவைக்கலாம்.

தமிழ் வகுப்பில் முதல் கேள்வியே யார் கூற்று, யாரிடம், எந்தச் சமயத்தில் என்பதுதான். அதை அடுத்த பீரியட் ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது வாசலில் கழற்றி வைத்துவிட்டு 'தி பொயட் சேஸ்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஃப்ராஸ்ட் கவிதையில் பேசுவது ஃப்ராஸ்ட் இல்லை, பெருமூச்சு விடப்போகிற ஒரு ஆள் என்று வைத்துப் பாருங்கள், பாதிப் பூட்டு திறந்துவிடும்.

மார்க் விஷயத்தில் மேம் சொன்னதையும் தள்ளாதீர்கள். திருத்துகிறவர் முன்னால் கட்டுக்கட்டாகத் தாள் இருக்கும், உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க மாட்டார். வழக்கமான கருத்தை முதல் பத்தியில் எழுதிவிடுங்கள், பிறகு 'ஆனால்' போட்டு உங்கள் வரிகளை மேற்கோளோடு அடுக்குங்கள்.

கேள்வி: நான் ஆங்கில உதவிப் பேராசிரியை. வகுப்பில் அறுபது பேர். கவிதையை வாசித்துவிட்டு 'என்ன தோணுது?' என்றால் அறுபது பேரும் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். கடைசியில் நானே நோட்ஸ் கொடுத்துவிடுகிறேன்.
– ஒரு ஆசிரியை, பெரம்பூர்

பதில்: மேடம், அவர்களுக்கு எதுவும் தோன்றாமல் இல்லை. தோன்றியதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதுவும் கான்வென்ட்டில் படித்த முதல் பெஞ்சின் காதில் விழும்படி. யார்தான் வாயைத் திறப்பார்கள்? முதல் பத்து நிமிடம் தமிழில் பேசவிடுங்கள். அதனால் ஆங்கிலம் கெட்டுப்போகாது, சொல்வதற்கு ஏதோ ஒன்று கையில் இருந்தால்தான் அதற்கு ஆங்கிலம் தேடுவார்கள்.

'என்ன தோணுது' என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள், அதற்கு எனக்கே பதில் தெரியாது. பேசுவது யார், யாரிடம், மனநிலை எந்த வரியில் மாறுகிறது? ஒரு துண்டுச் சீட்டில், பெயர் போடாமல், ஐந்து நிமிடத்தில். சீட்டுகளை வாங்கி நீங்களே வாசியுங்கள். அடுத்தவன் எழுதியதை மறுக்க வேண்டுமென்றால் அறுபதில் நாலு பேராவது கையைத் தூக்குவான்.

இந்த உத்தி பழையதுதான். 1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். ஜான் டன், ஹாப்கின்ஸ் எல்லாம் அதில் உண்டு. வந்த விடைகளை வைத்து 1929-இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' எழுதினார். நேரடிப் பொருளையே கோட்டைவிட்டவர்கள் அதில் ஏராளம். கேம்பிரிட்ஜிலேயே அந்தக் கதி என்று உங்கள் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

கேள்வி: டாஃபடில் பூவை நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுதிய கவிதையை எப்படி ரசிப்பது?
– ஒரு மாணவர், வியாசர்பாடி

பதில்: பூ எப்படி இருக்கும் என்று ஃபோனில் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஒரு நிமிட வேலை. கவிதை முடிகிற இடம் சோபா. சும்மா படுத்திருக்கும்போது முன்பு பார்த்தது திரும்ப மனதில் ஓடுகிறது, அவ்வளவுதான் விஷயம், அதற்கு வியாசர்பாடி போதும்.

இன்னொன்று, வேர்ட்ஸ்வொர்த் மேகம் மாதிரித் தனியாக அலைந்தேன் என்கிறாரே, அன்று அவர் தனியாக இல்லை. தங்கை டோரதி கூடவே நடந்தார். 1802 ஏப்ரல் 15 என்று தேதி போட்டு டைரியும் எழுதியிருக்கிறார்: காற்று கடுமையாக அடித்தது, சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக வைத்துச் சாய்ந்திருந்தன, மற்றவை ஆடின. அண்ணன் கவிதை எழுதியது 1804-இல், அச்சில் வந்தது 1807-இல். தங்கையையும் அந்தக் கடுங்காற்றையும் களைத்த பூக்களையும் எடுத்துவிட்டார், ஆடிய பூக்கள் மட்டும் மிச்சம். 'மனதின் கண்' பற்றி வரும் அந்த இரண்டு வரிகள்கூட மனைவி மேரி கொடுத்தவை, வேர்ட்ஸ்வொர்த்தே சொன்னது. தனிமையில் எழுதிய கவிதைக்கு வீட்டில் இத்தனை பேர் வேலை பார்த்திருக்கிறார்கள்! பேசுகிற 'நான்' வேறு, எழுதிய ஆள் வேறு என்று குரோம்பேட்டை வாசகருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கேள்வி: கணக்குப் படிக்கப் போன பையனுக்குக் கவிதை எதற்கு?
– ஒரு தந்தை, வேளச்சேரி

பதில்: பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று படிக்கிற நாளில் கேளுங்கள் சார்.

கேள்வி: இப்போதெல்லாம் செயலியில் கவிதையைப் போட்டால் விளக்கம் வந்துவிடுகிறதே, மேம் கைடு இரண்டும் தேவையா?
– ஒரு மாணவி, தாம்பரம்

பதில்: அதுவும் ஒரு கைடுதான், கொஞ்சம் வேகமான கைடு. நீங்கள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, பென்சிலால் எதையாவது கிறுக்கிய பிறகு அதைத் திறங்கள். அது சொல்கிற ஒவ்வொரு கருத்துக்கும் எந்த வரி என்று தேடுங்கள். வரி கிடைக்காததை நோட்டில் ஏற்றாதீர்கள்.