மகள் வாசித்த கீர்த்தனைக்கு யூடியூபில் உரிமைக் கோரிக்கை

உங்கள் மகள் தியாகராஜர் கீர்த்தனை வாசித்த வீடியோவுக்கு ஒரு இசை நிறுவனம் யூடியூபில் உரிமை கோரியிருக்கிறது, நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீடியோவை நீக்க வேண்டாம், மறுப்பு போடுங்கள். தியாகராஜர் காலமானது 1847இல். அவருடைய கீர்த்தனையை உங்கள் மகள் வயலினில் வாசித்ததற்கு எந்த இசை நிறுவனமும் உரிமை கோர முடியாது. வந்திருப்பது கோரிக்கைதான், ஸ்ட்ரைக் (உரிமை மீறலுக்காக சேனல் மீது விழும் எச்சரிக்கை) இல்லை.

நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் கொடுத்து வைத்திருக்கும். அது ஒலியையும் மெட்டையும் ஒப்பிடும் இயந்திரம். அதே ராகம், அதே சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றி இசைக்கும் விதம்) என்றால் குழம்பிவிடும். (மகளுக்கு ஒரு வகையில் பாராட்டுதான்!)

முதலில் ஒன்று பாருங்கள். எந்த நிமிடத்தில் பொருந்துகிறது என்று கோரிக்கை விவரத்தில் இருக்கும். அங்கே பின்னணியில் வேறு யாருடைய மிருதங்கப் பதிவாவது ஓடுகிறதா? அப்படியென்றால் கதை வேறு. பாட்டு பொதுச்சொத்து, பதிவு அப்படியல்ல. இந்தியாவில் ஒலிப்பதிவு வெளியானபின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு.

அப்படி எதுவும் இல்லையா, சரி, மறுப்பை அனுப்புங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தராவிட்டால் கோரிக்கை தானாக விலகும். வருமானம் வரும் சேனல் என்றால் 5 நாளுக்குள் அனுப்புவது நல்லது.

அவர்கள் நிராகரித்து, நீங்கள் மேல்முறையீடு செய்து, அப்புறம் அவர்கள் வீடியோவை நீக்கச் சொன்னால் ஸ்ட்ரைக் விழலாம். அந்தக் கட்டத்தில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.