போர்ச் சுவரொட்டிகளை வைத்து வேலை தேட முடியுமா?

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிசைன் படிக்கும் உங்கள் மகள், இறுதியாண்டுக்குப் போர்க்காலப் பிரசாரப் படங்களின் கண்காட்சி கேட்டலாக் செய்கிறார். "இதைப் பார்த்து யாரம்மா வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்கிறீர்கள்.

கேட்டலாக் மட்டுமே செய்யும் வேலை இங்கே அபூர்வம்தான். ஆனால் டிசைன் ஸ்டூடியோ, பதிப்பகம், கண்காட்சி அமைக்கும் நிறுவனம் எல்லாமே முதலில் புரட்டுவது போர்ட்ஃபோலியோவை, அதாவது மாணவர் செய்த வேலைகளின் தொகுப்பை. அதில் பபிள் டீ லோகோக்கள் ஏராளமாக வரும். இந்தத் தலைப்பு தனித்துத் தெரியும், மாற்றச் சொல்லாதீர்கள்.

1914ல் ஆல்ஃபிரட் லீட் வரைந்த, பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் படைக்கு ஆள் கூப்பிடும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மை நோக்கி நீளும் அந்த விரலை அட்டை முழுக்கப் போட்டால், அது இன்றும் ஆள் சேர்க்கும். எந்தப் படத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது, பக்கத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இங்கே பாடமே. பழைய துண்டுப் பிரசுரத்தை ஸ்கேன் செய்ததும் மடிப்புக் கோட்டைக் கணினியில் அழித்துவிடக் கை பரபரக்கும். அழித்தால், யாரோ மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த தாள் புத்தம்புது விளம்பரமாகிவிடும். அந்த மடிப்பை ஏன் விட்டுவைத்தார் என்று உங்கள் மகளுக்கு இரண்டு வரியில் சொல்லத் தெரிந்தால் நேர்காணலில் பாதி முடிந்தது.

உள்ளூர் பக்கமும் வேண்டும். புக்கிட் தீமாவில், 1942 பிப்ரவரி 15ல் ஜப்பானியரிடம் பிரிட்டிஷ் படை சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். ஜப்பானியர் பிரசாரத்துக்குப் பயன்படுத்திய கேத்தே கட்டடத்தில்தான் 1943 அக்டோபர் 21ல் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். நம் வீடுகளில் பெருமையோடு சொல்லும் அதே ஆண்டுகள் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்குத் துக்கக் கதை. இரண்டுக்கும் இடம் கொடுக்காத கேட்டலாக் தானே ஒரு பிரசாரம்தான்.

அப்புறம், தமிழ்ப் பக்கங்களை அவரே அடுக்கட்டும். மென்பொருள் அமைப்பு சரியில்லாவிட்டால் 'கொ'வின் கொம்பு தனியே பிய்ந்து நிற்கும். நான்கு மொழியில் அறிவிப்பு வைக்கும் ஊரில், இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த டிசைனருக்கு மதிப்பு உண்டு.

மேலே படிக்க லாசால், நாஃபா ஆகிய கலைக் கல்லூரிகளும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வேலை பார்த்த பிறகும் சேரலாம்.

அச்சுச் செலவுக்குப் பயப்படாதீர்கள். நூலால் தைத்த இரண்டு பிரதி போதும். படங்களுக்கு அனுமதி கேட்ட மின்னஞ்சல்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.