ஒரு புள்ளி

அன்புள்ள சார்,

கார் பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். 1955 முதல் 1958 வரை வரிசையாக நான்கு வருடம் இரண்டாவது இடம். கடைசிவரை உலக சாம்பியன் ஆகவே இல்லை. அதிலும் 1958-ல் எதிராளிக்காகத் தானே போய்ச் சாட்சி சொல்லிப் பட்டத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார். இது பெருந்தன்மையா, ஏமாளித்தனமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

சாட்சி சொன்னது உண்மைதான். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத் தெருக்களில், டிராம் தண்டவாளங்களைத் தாண்டி ஓடிய பந்தயம் அது. மாஸ் ஜெயித்துவிட்டார். பட்டத்துக்கு அவரோடு போட்டியிட்டவர், இத்தாலிய அணியான ஃபெராரிக்கு ஓட்டிய மைக் ஹாவ்தார்ன். அவருக்குக் கடைசிச் சுற்றில் வண்டி சுழன்று எஞ்சின் நின்றுவிட்டது. தள்ளி ஸ்டார்ட் செய்து எப்படியோ இரண்டாவதாக வந்து சேர்ந்தார். எதிர்த்திசையில் வண்டியை நகர்த்தினார், எனவே தகுதிநீக்கம் என்று பேச்சு எழுந்தது. வெற்றிக்குப் பிறகு மெதுவாக ஒரு சுற்று வந்த மாஸ் அதைக் கண்ணால் பார்த்திருந்தார். அது நடந்தது நடைபாதையில், ஓடுபாதையில் அல்ல என்று நடுவர்களிடம் சொன்னார். ஹாவ்தார்னின் 7 புள்ளிகள் பிழைத்தன. வருடக் கடைசியில் ஹாவ்தார்ன் 42, மாஸ் 41. மாஸ் ஜெயித்த பந்தயங்கள் நான்கு, ஹாவ்தார்ன் ஜெயித்தது ஒன்றே ஒன்று!

எனக்கு இதில் பெருந்தன்மைகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஏமாளித்தனம் என்றால் அதே பந்தயத்தில் இன்னொன்று இருக்கிறது. அன்று வேகமான சுற்றுக்கு ஒரு புள்ளி உண்டு. ஹாவ்தார்ன் சுற்றுச் சாதனை செய்துவிட்டார் என்று மாஸின் அணியினர் பலகையில் சுருக்கி எழுதிக் காட்டினார்கள். ஓட்டிக்கொண்டே பார்த்தவர் கடைசி எழுத்தை மாற்றிப் படித்து, ஹாவ்தார்ன் வழக்கம்போலத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொண்டாராம். வேகத்தைக் கூட்டவில்லை. அந்த ஒரு புள்ளி கைமாறியிருந்தால் மாஸ் 42, ஹாவ்தார்ன் 41. சாட்சி சொன்னபிறகும் அவர்தான் சாம்பியன். ஆனால் பலகைக் கதையை யாரும் உருகிச் சொல்வதில்லை.

அப்புறம், பட்டம்தான் வேண்டும் என்றிருந்தால் அவர் ஃபெராரிக்குப் போயிருக்கலாம். பிடித்த பிரிட்டிஷ் வண்டிகளையே பின்னாட்களில் ஓட்டினார், அதுவும் பெரும்பாலும் ராப் வாக்கரின் சின்னத் தனியார் அணிக்காக. 1961 மொனாக்கோவில் அவருடையது பழைய லோட்டஸ். ஃபெராரிகளின் எஞ்சின் பலம் அதைவிட நன்றாகவே அதிகம். பந்தயம் தொடங்கும் முன் சட்டகக் குழாயில் ஒரு விரிசல் தெரிந்தது. தொட்டி நிறைய எரிபொருள். மெக்கானிக் ஆல்ஃப் பிரான்சிஸ் ஈரத்துணிகளைச் சுற்றிப் போட்டுவிட்டு அங்கேயே வெல்டிங் வைத்தார். (படிக்கும்போதே எனக்கு எழுந்து ஓடத் தோன்றியது.) வெக்கைக்காகப் பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்றிவிட்டுக் கிளம்பிய மாஸ், 100 சுற்று ஓட்டி 3.6 நொடி முந்தி ஜெயித்தார்.

ஹாவ்தார்ன் பட்டத்தோடு ஓய்வு பெற்று, 1959 ஜனவரியில் சாதாரணச் சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 29. மாஸ் 1962-ல் குட்வுட் பந்தயத்தில் மோதி ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். மறுவருடம் அதே இடத்தில் வண்டியை எடுத்துப் பார்த்தார். முன்பு தானாக வந்ததையெல்லாம் இப்போது யோசித்து யோசித்துச் செய்யவேண்டியிருந்தது. இறங்கி வந்து, சரி, போதும் என்று விட்டுவிட்டார்.