ஓடாத ஃபிரிட்ஜில் அரிசி வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்கு 14 வயது. போன மாதம் குளிர்வது நின்றுவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக், கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற ஏழாயிரம் ஆகும் என்கிறார். பழைய இரும்புக்காரர் 700 ரூபாய்க்குக் கேட்கிறார். அத்தையோ, "கதவு நல்லாத்தானே மூடுது, அரிசி பருப்பு போட்டு வைப்போம், எலித் தொல்லை விடும்" என்கிறார். உள்ளே விஷ வாயு இருக்குமாமே? வீட்டில் மூன்று வயதுப் பையன் வேறு இருக்கிறான். என்ன செய்யலாம்? – சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு வாசகி

பதில்: அத்தை சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அரிசியைக் கொட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு சந்தேகம். கம்ப்ரசர் நிஜமாகவே போய்விட்டதா?

குளிரவில்லை என்றதும் கம்ப்ரசர் மேல் பழியைப் போடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள், கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற ரிலேயும், சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஓவர்லோடும் இருக்கும். பிளக்கைப் போட்டதும் ஒரு உறுமல், பிறகு 'டிக்', கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் உறுமல், 'டிக்'. இப்படிச் சத்தம் வந்தால் கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். கம்ப்ரசர் இறுகிப் போனாலும் இந்தச் சத்தம்தான், ரிலே போனாலும் இதே சத்தம்தான். ரிலே சில நூறு ரூபாய்ச் சாமான். கழற்றிக் காதருகே ஆட்டும்போது கலகலவென்றால் உள்ளேயிருக்கும் வில்லை உடைந்திருக்கிறது.

மெக்கானிக்கை மல்டிமீட்டருடன் (மின்சாரம் அளக்கிற கருவி) வரச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் மூன்று பின்களையும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். மூன்று முறையும் அளவு காட்டி, பின்னுக்கும் பாடிக்கும் நடுவே எதுவும் காட்டாவிட்டால் கம்ப்ரசருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் நன்றாக இருக்கிறது. அப்படியானால் புது ரிலே ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் ஏழாயிரத்தை எடுத்து நீட்டாதீர்கள். பாடிக்கு அளவு காட்டினால் ஷாக் அடிக்கும், பிளக்கை மறுபடி செருகவே வேண்டாம். பழுது நிஜம்தான் என்றால், 14 வருட ஃபிரிட்ஜுக்குப் புது கம்ப்ரசர் போட நான் சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் தெர்மோஸ்டாட், அதற்கடுத்த வருடம் ஃப்ரீசரில் ஓட்டை என்று செலவு வரிசை கட்டி வரும்.

அடுத்தது வாயு. ஃபிரிட்ஜின் பின்புறத்தில் அல்லது கம்ப்ரசர் மேல், குளிரவைக்கிற வாயுவின் பெயர் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் ஃபிரிட்ஜின் வயதுக்கு அதில் ஆர்-134ஏ என்று இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெட்டிக்குள் பரவி ஆளைக் கொல்லும் விஷம் அல்ல அது. குழாயும் கம்ப்ரசரும் முழுதாக இருக்கும்வரை அது வெளியே வரவும் வராது. அதனால் வீட்டிலேயே வைத்துக்கொள்வதானால் வாயுவை எடுக்கவே வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். குழாயை வெட்டினால்தான் சிக்கல். ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால் 1430 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம். இந்த அளவு ஃபிரிட்ஜில் 100 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 143 கிலோ ஆகிறது, ஏறக்குறைய 60 லிட்டர் பெட்ரோலை எரித்த மாதிரி. ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று போட்டு, மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படமும் இருந்தால் அது ஐசோபியூட்டேன், நம் சமையல் கேஸின் பங்காளி. அதன் பக்கத்தில் வெல்டிங், தீப்பொறி எதுவும் கூடாது.

இனி அலமாரி வேலைக்கு வருவோம். முதலில் பிளக் வயரை அடியோடு வெட்டி எடுங்கள். எப்போதோ யாரோ செருகிப் பார்க்கிற ஆசையே வரக்கூடாது.

கம்ப்ரசரைக் கழற்றி இரும்புக்காரருக்கு விற்றுவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வாயு வெளியேறிவிடும் என்பது ஒரு காரணம், எடை இன்னொரு காரணம். பின்பக்கம் அடியில் ஏழெட்டுக் கிலோ இரும்பாக உட்கார்ந்திருக்கிற கம்ப்ரசர்தான் ஃபிரிட்ஜை நிற்க வைக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கதவுத் தட்டுகளில் எண்ணெய் பாட்டிலும் ஊறுகாய் ஜாடியுமாக அடுக்கிக் கதவைத் திறந்தால், பெட்டி முன்பக்கம் சாயும். முன்னால் நிற்பது உங்கள் பையனாக இருந்தால்? இரும்புக்காரர் கம்ப்ரசருக்காகத்தான் வருகிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது அதற்குள் இருக்கிற தாமிரக் கம்பி, மிச்சப் பெட்டி அவருக்குச் சுமை.

பையன் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஓடாத ஃபிரிட்ஜில் ஒளிந்து விளையாடப் போய்க் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இதற்காகவே 1956-இல் சட்டம் போட்டு, உள்ளேயிருந்து தள்ளினாலும் திறக்கிற கதவுதான் வைக்க வேண்டும் என்றார்கள். பழைய கொக்கிக் கதவு போய் காந்தக் கதவு பரவியதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். ஆனாலும் மூன்று வயதுக் குழந்தை இருட்டில் பயந்துபோய்க் கதவைத் தள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. தட்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும், ஆள் நுழைய இடமே இருக்கக் கூடாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பெரும்பாலும் சாவி இருக்கும், பூட்டி வையுங்கள். சாவி தொலைந்திருந்தால் ஒட்டுகிற மாதிரி குழந்தைப் பூட்டு கடைகளில் கிடைக்கிறது, எட்டாத உயரத்தில் ஒட்டுங்கள். கதவில் மேலே மூன்று, கீழே மூன்று என்று அரை அங்குலத் துளைகள் போட்டு, உட்புறம் ஸ்டீல் வலை வைத்து மூடுங்கள். துளை கதவில் மட்டும்தான். பக்கச் சுவர்களில் போடவே கூடாது, பல மாடல்களில் வாயுக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது.

இந்தத் துளைகள் அரிசிக்கும் நல்லது. ஓடாத ஃபிரிட்ஜை இறுக்கி மூடினால் நான்கே நாளில் ஒரு புழுக்க வாடை வரும். அதனால் ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரில் உள்ளே, கதவு ரப்பரின் மடிப்பு எல்லாம் துடைத்து, இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்தே போட்டுக் காய விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும். அடியில் தண்ணீர் வடிகிற துளை ஒன்று உண்டு. அதற்கும் வலை வையுங்கள், சுண்டெலிக்கு அதுவே வாசல்.

எலி வராது, கரப்பான் வராது, சரி. வண்டு? அது வெளியிலிருந்து வருவதைவிட அரிசிக்குள்ளேயே முட்டையாக வருவதுதான் அதிகம். ஃபிரிட்ஜ் ஓடினால் குளிரில் அடங்கிக் கிடக்கும், ஓடாத பெட்டியில் அதற்குச் சொர்க்கம். பருப்பை வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகு டப்பாவில் போட்டு, பழையபடி வசம்போ காய்ந்த மிளகாயோ சேர்த்து வைக்க வேண்டியதுதான். அரிசி மூட்டையை அடித்தளத்தில் வையுங்கள், கம்பித் தட்டு தாங்காது. வலை எறும்பைத் தடுக்காது என்பதால் சர்க்கரையும் வெல்லமும் மூடி போட்ட டப்பாவில்தான்.

உண்மையில் அந்தப் பெட்டியின் தனித்திறமை வேறு. சுவருக்குள் இருக்கிற ஃபோம் குளிரை மட்டுமல்ல, சூட்டையும் பிடித்து வைக்கும். மார்கழியில் இட்லி மாவு பொங்காமல் சண்டித்தனம் பண்ணும்போது, மாவுப் பாத்திரத்தோடு ஒரு சொம்பு வெந்நீரையும் உள்ளே வைத்து மூடுங்கள், துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு. எங்கள் தெருக் கோயில் கொடைக்கு இதே மாதிரி ஒரு செத்த ஃபிரிட்ஜை மல்லாக்கப் படுக்க வைத்து, ஐஸ் பாரும் நீர்மோர்க் குடங்களுமாக நிரப்பினோம். சாயங்காலம்வரை ஐஸ் இருந்தது. கீரைத் தொட்டியாக்குவது மட்டும் எனக்குப் பிடிக்காது. மழையில் வெளித்தகடு துருப்பிடித்து, வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கி, கடைசியில் ஃபோம் தூள் தோட்டம் முழுக்கப் பறக்கும்.

இதெல்லாம் வேண்டாம், இடத்தை அடைக்கிறது என்றால் தள்ளிவிடலாம், ஆனால் 700 ரூபாய்க்கு அல்ல. தெரு வியாபாரி பெரும்பாலும் குழாயை வெட்டுவார், வயரையும் ஃபோமையும் எரிப்பார். அந்த ஃபோம் எரிந்தால் சயனைடு வாயு வரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மின்கழிவு விதிகளின்படி, பழைய ஃபிரிட்ஜ்கள் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்குப் போய்ச் சேர வைப்பது அவற்றைத் தயாரித்து விற்ற நிறுவனங்களின் பொறுப்பு. உங்கள் ஃபிரிட்ஜ் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டு, பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். புதிது வாங்குவதாக இருந்தால் கடையில் எக்ஸ்சேஞ்ச் பேசுங்கள், பெரும்பாலும் 700-க்கு மேலேயே கழித்துக்கொள்வார்கள். வண்டி வரும்வரை வாசலிலோ திண்ணையிலோ கிடக்கப்போகிறது என்றால், கதவைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். கீழும் மேலும் கீல் திருகுகள்தான், ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிட வேலை.